டௌனிங் தெருவுக்குப் போன பூஜ்யம்

பொன்மலைப் பணிமனையின் பெயிண்ட் ஷாப் மேஸ்திரியின் சட்டைப் பையில் பேனா இருக்காது. ஒரு முழ நூலும், அதன் நுனியில் நெல்லிக்காய் அளவு ஈயக்குண்டும் இருக்கும். கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டின் குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். ரயில் பெட்டிகளின் பக்கவாட்டில் எண்களையும் எழுத்துகளையும் எழுதுவது அவர் வேலை. வேலையில்லாத நேரத்தில், கண்ணில் பட்ட எதன் முன்னாலும் அந்த நூலைத் தொங்கவிட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

நான் அங்கே டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தது நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், ஆடிப்பெருக்குக்கு மறுநாள். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்து, வியர்வை அடங்கும் முன்பே என் மேஜைக்கு எதிரில் ஒருவர் நூலோடு நிற்பதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதுசா வந்த சாமிங்களா? கொஞ்சம் நகருங்க. தேதி சாஞ்சு கெடக்கு" என்றார்.

ஆணியைச் சரிசெய்துவிட்டு, பெயரைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். தேதி விஷயத்தில் கவனமுள்ள இன்னொரு மனிதர் இந்த உலகில் இருக்கிறார் என்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அவருடைய அக்கறை தேதியைப் பற்றியது அல்ல என்பது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

அவர் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நாற்று நடும்போதே வரிசை கோணினால் பிடுங்கி மறுபடி நடுவாராம். "இவனை வச்சுக்கிட்டு நடவு முடிக்கிறதுக்குள்ள அறுப்பு வந்துரும்" என்று அவருடைய அப்பா பொன்மலைக்கு அனுப்பிவிட்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் மனைவி சொன்ன கதை அதைவிட நன்றாக இருக்கும்.

"கல்யாணத்தன்னைக்கு மணையில உக்காந்திருக்கேன். இவரு என் மூஞ்சியையே பாக்குறாரு. சரி, மாப்பிள்ளைக்கு நம்மளப் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். விரல்ல தொட்டு என் பொட்டை நடுவுல தள்ளி வச்சாரு பாருங்க. எங்க அத்தை, 'அடி, இவன்கிட்ட நீ வீட்டைக் கூட்டி முடிக்கவே முடியாது'ன்னுச்சு."

"சரியாத்தானே வச்சேன்" என்பார் மேஸ்திரி.

ஒருமுறை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தகப்பனார் அப்போதுதான் நீராடி, திருமண் இட்டுக்கொண்டு, "வாங்கோ, உட்காருங்கோ" என்றார். மேஸ்திரி உட்காரவில்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. 

"பெரிய சாமி தப்பா நெனைக்கக் கூடாது. எடது பக்கம் அரை நூல் எறங்கியிருக்குங்க."

அவர்கள் தொழிலில் நூல் என்பது ஒரு அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. என் தகப்பனார் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் முகம் அலம்பி, புதிதாக இட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார்.

"இப்போ சேவிக்கலாமோ?"

"இப்ப நிக்குதுங்க."

"பேஷ்! எம்பெருமானுக்கே நாப்பது வருஷமா கோணலா சேவை சாதிச்சிண்டிருந்திருக்கேன். ஒருத்தரும் சொல்லலையே!" என்று தகப்பனார் சிரித்தார். அதற்குப் பிறகு மேஸ்திரி எப்போது வந்தாலும் அவருக்கு முதல் காபி.

எண்களில் அவரை அதிகம் படுத்தியது பூஜ்யம்தான். "மத்ததுக்கெல்லாம் காலு இருக்கு, தலை இருக்கு. பூஜ்யத்துக்கு ஒண்ணும் கெடையாது. நாமதான் நிறுத்தணும். அசந்தா உருண்டுரும்" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சார்ஜ்மேன் ஆக வேண்டும். பெட்டி பணிமனையை விட்டு வெளியே போகுமுன் கடைசியாகச் சுற்றிவந்து பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் சார்ஜ்மேன். மேஸ்திரி எத்தனை அழகாக எழுதினாலும், அவர் லீவில் இருந்த நாளில் வேறு கை எழுதிய கோணல் எண்களோடு பெட்டிகள் வெளியே போய்விடும். பிறகு எங்காவது ஜங்ஷனில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார். "சார்ஜ்மேன் ஆயிட்டா ஒரு கோணலும் கேட்டைத் தாண்டாதுங்க" என்று இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பட்டியலில் அவர் பெயர் வரும் என்று அந்த வருஷம்தான் பேச்சு எழுந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டௌனிங் தெரு எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

ஐம்பத்தெட்டாம் ஆண்டு ஜனவரி. பதவியில் இருக்கும் இங்கிலாந்துப் பிரதமர் ஒருவர் இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. பத்திரிகைகளில் அவர் படமும், லண்டனில் அவர் வசிக்கும் வீட்டு வாசல் படமும் வந்திருந்தன. மத்தியான இடைவேளையில் கேன்டீனில் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, புத்தகங்களில் படித்ததையெல்லாம் நான் எடுத்துவிட்டேன். அந்தத் தெருவில் பத்தாம் எண் பிரதமருக்கு, பக்கத்துச் சுவரை ஒட்டின பதினொன்று நிதி மந்திரிக்கு. சுற்றுச்சுவர் கிடையாது, தோட்டம் முன்னால் கிடையாது. தெருவில் நடந்து போகிறவன் கதவைத் தட்டலாம்.

"காம்பவுண்டே கெடையாதா?" என்றார் ஒரு ஃபிட்டர். "நம்ம ஊர்ல தாசில்தார் வீட்டுக்கே கேட்டு, கேட்டுக்கு ஒரு ஆளு, ஆளுக்கு ஒரு நாயி!"

"அந்தக் கதவுக்கு வெளியே சாவித் துவாரமே கிடையாது. எந்நேரமும் உள்ளே ஆள் இருந்து திறந்துவிட வேண்டும்" என்றேன்.

"எங்க வீடும் அப்படித்தான் சாமி. நேரம் கழிச்சுப் போனா, உள்ள இருக்கிற ஆளு மனசு வச்சாத்தான் கதவு" என்றார் அதே ஃபிட்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. பத்திரிகையைத் தூணில் ஒட்டவைத்துப் பிடிக்கச் சொல்லி, நூலைத் தொங்கவிட்டு, இடது கண்ணை மூடியிருந்தார்.

"சாமி, பூஜ்யம் சாஞ்சிருக்கு."

"படம் பிடித்தவர் சாய்த்துப் பிடித்திருப்பார், மேஸ்திரி."

"அதையும் பாத்துட்டேன். நிலை நேரா நிக்குது. கடுதாசி போடற தகடு நேரா கெடக்கு. பக்கத்துல ஒண்ணும் நேரா நிக்குது. பூஜ்யம் மட்டும் எடது பக்கம் சாயுது. எத்தன பெரிய மனுஷங்க வந்து போற வாசல்! ஒருத்தருமா சொல்லலை?"

"அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்றேன்.

"எழுதினவனுக்குச் சொல்லணுமில்ல. தெரிஞ்சா சரி பண்ணிடுவான். பாவம், அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

இப்படித்தான் அந்தக் கடிதம் பிறந்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். குறை சொல்லும் தொனி எங்கும் வரக் கூடாது, ஒரே தொழிலில் இருக்கும் ஒருவன் மற்றவனுக்குச் சொல்வதுபோல் இருக்க வேண்டும் என்றார். கூடவே ஒரு பழுப்புக் காகிதத்தில், படத்திலிருந்து கணக்கிட்டு, ஒரு பூஜ்யத்தை முழு அளவில் வரைந்தார். கோட்டின் மேல் நெடுக ஊசியால் துளைகள் குத்தினார். அதைக் கதவில் வைத்து, துணிமூட்டையில் கட்டிய சாக்கட்டிப் பொடியால் தட்டினால் புள்ளி புள்ளியாகப் பூஜ்யம் விழும். அதன்மேல் வர்ணம் தீட்ட வேண்டியதுதான். பெட்டிகளுக்கு அவர்கள் எழுதுவது அப்படித்தான்.

"என் வீட்டு விலாசத்தில் அனுப்பிவிடலாமா?" என்று கேட்டேன்.

"வேலையைப் பத்தி எழுதறோம். வேலை பாக்குற எடத்துலேர்ந்துதான் எழுதணும்" என்று, ஆபீஸ் முகவரி அச்சடித்த தாளிலேயே அடியில் முதலில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை, எல்லோரும் போன பிறகு, அவர் கையெழுத்துக்கு மேலே நான் ஆங்கிலத்தில் டைப் அடித்து, பூஜ்யக் காகிதத்தோடு சேர்த்து, ஸ்ரீரங்கம் தபால் ஆபீஸில் ஏர்மெயிலில் போட்டேன். எதையும் நகல் இல்லாமல் அனுப்பும் வழக்கம் எனக்கு இல்லை. கார்பன் பிரதி என் இழுப்பறையில் இருந்தது.

பணிமனை முழுதும் செய்தி பரவிவிட்டது. பெயிண்ட் ஷாப் கதவில் யாரோ சாக்கட்டியால் பெரிதாகப் பத்து என்று எழுதிவைத்தார்கள். மேஸ்திரி அதை அழித்துவிட்டு ஒழுங்காக எழுதினார்.

"என்ன மேஸ்திரி, லண்டன்ல சம்பந்தி சௌக்கியமா?" என்று வழியில் பார்ப்பவர்கள் கேட்பார்கள்.

"வேலை நடந்துக்கிட்டிருக்கும். பெயிண்டு காய வேணாமா? அங்க குளிரு" என்பார்.

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். தாயாரும் பெருமாளும் சேர்ந்திருக்கும் சேவைக்குப் போய்விட்டு, கூட்டத்தில் கசங்கிய அலுப்போடு ஆபீஸுக்குள் நுழைந்தேன். ஹெட்கிளார்க் என் இழுப்பறையைத் திறந்துவைத்து, கார்பன் பிரதியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ரெண்டு பேர் வேலையும் போச்சு" என்றார். "லண்டன்லேர்ந்து பதில் வந்திருக்கு. யாருக்கு வந்திருக்கு தெரியுமோ? துரைக்கு!"

எங்கள் ஆபீஸ் தாளின் தலைப்பில், எல்லாக் கடிதங்களையும் பொறுப்பதிகாரியின் பதவிப் பெயருக்கே அனுப்பவும் என்று அச்சிட்டிருக்கும். தினமும் அந்தத் தாளில்தான் டைப் அடிக்கிறேன். ஆனாலும் அந்த வரி என் கண்ணில் பட்டதே இல்லை. டௌனிங் தெருக்காரர்கள் மரியாதையாக அதைப் படித்து, அப்படியே நடந்துகொண்டிருந்தார்கள்.

அரசாங்க ஊழியன் அயல்நாட்டு அரசாங்கத்துக்கு நேரடியாக எழுதக் கூடாது. எனக்குப் புரொபேஷன் முடியவில்லை. மேஸ்திரிக்கோ சார்ஜ்மேன் பட்டியல் அந்த வாரம்தான் துரையின் மேஜைக்குப் போயிருந்தது. வெள்ளைக்காரர்கள் போய்ப் பத்து வருஷமான பின்பும் அந்த நாற்காலியில் இருப்பவரை நாங்கள் துரை என்றே சொல்வோம். இவர் மாயவரத்துக்காரர்.

ஹெட்கிளார்க் கெட்ட மனிதர் அல்ல. தப்பிக்க ஒரு வழியும் அவரே எழுதி வைத்திருந்தார். 'எனக்குத் தெரியாத விஷயத்தில் அறியாமையால் தவறாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்' என்று ஒரு விளக்கம். மேஸ்திரி கையெழுத்துப் போட்டால் போதும்.

அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார் மேஸ்திரி.

"கேக்காம அனுப்பினது தப்புங்க. ஒத்துக்கறேன். ஆனா தெரியாம எழுதலையே? தெரிஞ்சுதானே எழுதினேன்."

"ஒரு வார்த்தைதானய்யா! போட்டுட்டுப் போமேன். சார்ஜ்மேன் வேலை வேணுமா வேணாமா?"

"வேணுங்க. பூஜ்யம் நேரா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு அந்த வேலைக்குப் போயி நான் என்னங்க பண்றது?"

துரையின் அறைக்குள் மூவரும் போனோம். அவர் முன்னால் லண்டன் கடிதம் விரித்திருந்தது. முதலில் அதை உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார். அக்கறைக்கு நன்றி, காகிதம் கட்டிடத்தைப் பராமரிக்கும் இலாகாவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. எதற்காக அழைக்கப்பட்டோம் என்பதையே மறந்துவிட்டார் என்று தோன்றியது.

"இது ஆபீஸ் பேப்பர். இதை டைப் அடிச்சது யாரு?" துரை கார்பன் பிரதியைத் தட்டினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முன்னால் வந்தார்.

"நான்தாங்க."

"உமக்கு டைப் தெரியுமா?"

"எழுத்துதானுங்களே சார். தெப்பக்குளத்துகிட்ட ஒரு டைப் ஸ்கூல்ல அடிச்சேன். சாமிக்கு இதுல ஒண்ணும் சம்பந்தம் இல்ல. அவரு புதுசு. விட்டுருங்க."

துரை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஹெட்கிளார்க்கிடம் சொல்லி என் டைப்ரைட்டரைத் தூக்கிவரச் செய்து, வெள்ளைத்தாள் ஒன்றைச் செருகினார்.

"எங்கே, அந்த வீட்டு நம்பரை மட்டும் அடியும் பார்க்கலாம்."

மேஸ்திரி ஒற்றை விரலால் விசைகளின் மேல் தடவித் தேடினார். இரண்டு தட்டு. பத்து என்று விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். இன்னும் குனிந்தார். நூலைப் பையிலிருந்து எடுத்து, எழுத்தின் அடியில் படுக்கவைத்து இழுத்துப் பிடித்தார்.

"சார், இந்த மெஷின்ல பூஜ்யம் அரை நூல் ஏறி நிக்குது."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தார். மேஜையில் இருந்த கார்பன் பிரதியை, அனுமதி கேட்காமல், கையில் எடுத்தார். அதிலும் நூலைப் பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சாமி... இந்தப் பூஜ்யத்தோடயா லண்டனுக்கு அனுப்புனீங்க?"



"சார், ஒத்துண்டுட்டார் சார்! ஆபீஸ் மெஷின்தான்!" என்று ஹெட்கிளார்க் கூவினார்.

மேஸ்திரிக்கு அது காதில் விழவில்லை. "உன் பூஜ்யம் கோணல்னு அவனுக்கு எழுதியிருக்கோம். அந்தக் கடுதாசியிலயே நம்ம பூஜ்யம் கோணல். அவன் பாத்திருப்பானே! பாத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம, நன்றின்னு எழுதியிருக்கான் பாருங்க. எம்மாம் பெரிய மனுஷன்!" துரையின் பக்கம் திரும்பினார். "ஒரு தாள் குடுங்க சார். மன்னிப்பு எழுதிக் குடுத்துடறேன்."

ஹெட்கிளார்க் மகிழ்ச்சியோடு தன் விளக்கத்தை நீட்டினார்.

"இது இல்லைங்க. லண்டனுக்கு."

துரை கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று ஒரு கணம் பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

சிரிப்பு அடங்கியதும் கோப்பில் எழுதினார். அதை நானே டைப் அடித்ததால் வாசகம் நினைவிருக்கிறது. மேஸ்திரி மன்னிப்புக் கோர விரும்புகிறார், அது முறைப்படி இந்த அலுவலகம் வழியாக அனுப்பப்படும், இத்துடன் கோப்பு முடிகிறது. எனக்குக் கிடைத்த தண்டனை, டைப்ரைட்டரை மறுநாளே பழுதுபார்க்க அனுப்புவது.

"சார்ஜ்மேன் லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடலாமா சார்?" என்று ஹெட்கிளார்க் தயங்கிக் கேட்டார்.

"தன் வேலை போற நேரத்துலயும் தன் தப்பைத் தானே காட்டிக் குடுக்கறார். கடைசியாப் பார்த்துக் கையெழுத்துப் போடற வேலைக்கு வேற யாரை ஓய் போடறது?" என்றார் துரை. பட்டியல் சித்திரைத் தேருக்கு முன்பே வந்தது. அவர் பெயர் இருந்தது.

வரலாற்றுக்காக இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கடிதம் டில்லி வரை போனதற்கு ஒப்புகை உண்டு, அதற்கு அப்பால் எனக்குத் தெரியாது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டை ஏறக்குறைய பிரித்தே கட்டினார்கள். கறுப்பு என்று எல்லோரும் நினைத்திருந்த சுவர், உண்மையில் புகை படிந்த மஞ்சள் செங்கல் என்று அப்போதுதான் தெரிந்தது. பழகிய நிறம் மாற வேண்டாமென்று கறுப்பு வர்ணம் அடித்தார்கள். அதே காரணத்துக்காகவோ என்னவோ, பூஜ்யத்தையும் சாய்வாகவே வைத்துவிட்டார்கள். சார்ஜ்மேன் ஆகியிருந்த மேஸ்திரியிடம் இதைச் சொன்னபோது, "அழுக்குக்கே ஒரு கோட்டிங்கா! ரசிகனுங்கதான்" என்றார். பூஜ்யத்தைப் பற்றி மட்டும் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நம்மளுது ஏறி நின்னதால நம்பலை போலிருக்கு" என்றார்.

துரை கோப்பை முடித்த அன்றே மன்னிப்புக் கடிதம் எழுதிய பிற்பகலைத்தான் எனக்கு மறக்க முடியவில்லை. பூஜ்யம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு மற்றதையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தேன். காற்றில் தாள் ஆடக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தினார்கள். பங்குனி வெயிலில் பெயிண்ட் ஷாப்காரர்கள், ஃபிட்டர்கள், ப்யூன்கள் எல்லோரும் என் மேஜையைச் சுற்றி வியர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள். தாளின் இரண்டு முனைகளை ஹெட்கிளார்க்கே அழுத்திப் பிடித்தார். அணில்முடித் தூரிகையில் நாலு முடியை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேஸ்திரி ஒரு பூஜ்யம் போட்டார். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. யாரோ கை தட்டினார்கள்.

"அப்பாடா!" என்று ஹெட்கிளார்க் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேஸ்திரி, கேட்டுக்கும். இனிமே இந்த ஆபீஸ்லேர்ந்து எந்த நாட்டு ராஜாவுக்கும் மந்திரிக்கும் ஒரு கடுதாசி போகப்படாது."

"போகாதுங்க. சத்தியமா."

தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"சாமி, அமெரிக்கா ஜனாதிபதி இருக்காரே, அவரு வீட்டுக்கு நம்பர் உண்டா?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "உண்டு மேஸ்திரி. ஆயிரத்து அறுநூறு."

அவர் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

"ரெண்டு பூஜ்யமா!"

ஹெட்கிளார்க் காதில் அது விழுந்துவிட்டது. டைப்ரைட்டரின் உறையை எடுத்து, அதன் தலைவழியே இழுத்து மூடிவிட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார்.